போட்ல பெட்ரோல் வாடை அடிக்குதா? லீக்கை எப்படி கண்டுபிடிக்கிறது, எப்படி சரி பண்றது

புதுசா போட் வாங்கினவங்க நிறைய பேர் சொல்ற ஒரு பேச்சு, "பெட்ரோல் போட்னா கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்யும்". இல்லங்க, இருக்கவே கூடாது. நல்லா இருக்கிற போட்ல இன்ஜின் மூடியைத் தூக்கி மூக்கை உள்ள விட்டா ஈர வாடை வரும், பழைய ஆயில் வாடை வரும், ஆனா பெட்ரோல் வாடை வராது. வந்துச்சுன்னா எங்கயோ ஒழுகுது, இல்ல எங்கயோ ஆவி கசியுது, ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா நடக்குது.

கார்ல பெட்ரோல் ஒழுகுனா ரோட்ல சொட்டும், ஆவியைக் காத்து அடிச்சுட்டுப் போயிடும். போட் அப்படி இல்ல, அது ஒரு கிண்ணம், தண்ணி உள்ள வரக்கூடாதுன்னு செஞ்ச கிண்ணத்துல உள்ள ஒழுகுனது வெளிய போகவும் வழி இல்ல. பெட்ரோல் ஆவி காத்தை விட 3, 4 மடங்கு கனம், அதனால மேல எழும்பாம தண்ணி மாதிரி கீழ வழிஞ்சு போட்டோட அடிவயித்துல, அதாவது பில்ஜ்ல போய் தேங்கி நிக்கும். காத்துல இந்த ஆவி சுமார் 1.4 சதவீதம் இருந்தாலே ஒரு பொறி போதும் பத்திக்க, 7.6 சதவீதம் வரைக்கும் அந்த ஆபத்து இருக்கு. ஒரு கன மீட்டர் இடம் அந்த நிலைமைக்கு வர 100 மில்லி பெட்ரோலே தாராளம். குளிரா இருக்கே ஆவி ஆகாதுன்னு நினைக்காதீங்க, பூஜ்யத்துக்குக் கீழ 40 டிகிரியிலயும் பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற சமாச்சாரம் இது.

அதனாலதான் இந்த வேலையில ஸ்பேனரைக் கையில எடுக்கிறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது நிறைய இருக்கு, அதைத்தான் நான் நீட்டி முழக்கிச் சொல்லப் போறேன், பொறுமையா படிங்க.

வாடை வந்த அந்த நிமிஷம்

எந்த ஸ்விட்சையும் தொடாதீங்க. ஆன் பண்றது மட்டும் இல்ல, ஆஃப் பண்றதும்தான். ஸ்விட்ச் போடும்போது எப்படி உள்ள சின்னப் பொறி வருதோ அதே மாதிரி அணைக்கும்போதும் வரும், பல போட்ல மெயின் பேட்டரி ஸ்விட்சே ஆவி தேங்குற அதே அறைக்குள்ளதான் இருக்கு. பயத்துல முதல் வேலையா அதைத் திருப்பத்தான் கை போகும், அப்போதான் நிதானம் வேணும். போட்ல இருக்கிற எல்லாரையும் கரைக்கு இறக்குங்க, சிகரெட், அடுப்பு, லைட்டர் எதுவும் பக்கத்துல வேணாம், எல்லா மூடியையும் ஜன்னலையும் திறந்து விட்டுட்டு நீங்களும் இறங்கிடுங்க. கரையில இருந்து கரண்ட் எடுத்து பேட்டரி சார்ஜ் ஆகிட்டு இருந்துச்சுன்னா கரைப்பக்க பிரேக்கரை அணைச்சு, கரைப்பக்க பிளக்கைத்தான் பிடுங்கணும், போட் பக்கத்துல இருக்கிறதை இல்ல.

நடுத்தண்ணியில ஓடிட்டு இருக்கும்போது வாடை வந்தா இன்ஜினை நிறுத்துங்க, அதுக்கு மேல எதையும் தொடாதீங்க, எல்லாருக்கும் லைஃப் ஜாக்கெட் மாட்டி காத்து வர்ற பக்கமா திறந்த வெளியில உட்கார வைங்க, நங்கூரம் போடுங்க. கையில வெச்சுப் பேசுற ரேடியோவோ போனோ இருந்தா இன்ஜின் அறையை விட்டு எவ்ளோ தள்ளிப் போக முடியுமோ அவ்ளோ தள்ளிப் போய் உதவி கேளுங்க. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம், கரைக்குப் போயிடலாம்"னு தோணும். பண்ணாதீங்க.

புளோயர், அதாவது இன்ஜின் அறையில இருக்கிற ஆவியை வெளிய தள்ளுற ஃபேன், அதைப் போடலாமேன்னு கேப்பீங்க. இன்ஜின் உள்ள இருக்கிற போட்ல தினமும் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி குறைஞ்சது 4 நிமிஷம் புளோயர் ஓட்டணும், அது எப்பவும் செய்ய வேண்டிய பழக்கம், சரிதான். ஆனா வாடை ஏற்கனவே தூக்கலா அடிக்கும்போது புளோயரை ஆன் பண்றதும் ஒரு ஸ்விட்ச் போடுறதுதான். அதோட வயர் எங்கயாவது துருப்பிடிச்சு லூசா இருக்கான்னு நமக்குத் தெரியாது. அதனால இந்த நேரத்துல மூடியைத் திறந்து வெச்சு இயற்கையா காத்தாட விடுறதுதான் சரி, அவசரப்படாம மணிக்கணக்கா விடுங்க. வீட்டு டேபிள் ஃபேன் கொண்டு வந்து வைக்கிறது, தூசி உறிஞ்சுற வேக்குவம் மெஷினைப் போட்டு பெட்ரோலை உறிஞ்சுறது, இந்த ரெண்டும் தற்கொலைக்குச் சமம், வேக்குவம் மோட்டார் உள்ள எப்பவும் பொறி பறந்துட்டே இருக்கும், ஃபேன் ஸ்விட்ச்லயும் பொறி வரும்.

இன்னொண்ணு, இதை யாரும் யோசிக்கிறது இல்ல: பில்ஜ் பம்ப். நிறைய போட்ல இந்த பம்ப் நேரா பேட்டரியில மாட்டியிருக்கும், மெயின் ஸ்விட்சை அணைச்சாலும் அது உயிரோடதான் இருக்கும், கீழ தண்ணி ஏறுனா மிதவை ஸ்விட்ச் தானா தூக்கி பம்ப் ஓட ஆரம்பிச்சிடும். பில்ஜ்ல பெட்ரோல் கலந்த தண்ணி கிடக்கும்போது அது ஓடுனா ஒண்ணு பொறி, இல்ல அத்தனை பெட்ரோலும் ஆத்துலயோ கடல்லயோ போய்ச் சேரும், அது சுற்றுச்சூழல் சட்டப்படி குற்றம் ஆகிற காரியம். அதனால மூடியைத் திறந்ததும் பெட்ரோல் குட்டையா தேங்கி நிக்கிறது கண்ணால தெரிஞ்சா அத்தோட நம்ம வேலை முடிஞ்சுது, தள்ளி நின்னு படகுத்துறை ஆளுங்களையோ தீயணைப்புத் துறையையோ கூப்பிடுங்க. இதுக்குக் கீழ நான் சொல்றது எல்லாம் வாடை இருக்கு, ஆனா குட்டை இல்ல, காத்தாட விட்டதும் வாடை அடங்கிடுச்சுங்கிற நிலைமைக்குத்தான்.

தேடுறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி: வாடை எப்போ வருது?

எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் லீக் தேடுறதுல பாதி வேலை இந்தக் கேள்வியிலயே முடிஞ்சிடும், ஆனா ஜனங்க இதை விட்டுட்டு நேரா போய் ஃபில்டரைக் கழட்டுவாங்க.

பெட்ரோல் நிரப்புன அன்னைக்கு மட்டும் வாடை வந்து, ரெண்டு நாள் ஓட்டி டேங்க் முக்காலுக்கு இறங்குனதும் நின்னு போச்சுன்னா, லீக் டேங்குக்கு மேல்பக்கம் இருக்குன்னு அர்த்தம். நிரப்புற ஹோஸ், காத்துப் போக்கு ஹோஸ், இல்லன்னா பெட்ரோல் அளவு காட்டுற மீட்டருக்காக டேங்க் மேல மாட்டியிருக்கிற சென்டர்ங்கிற (sender) கருவிக்கு அடியில ஒழுகாம அடைக்கிற கேஸ்கெட். நிரப்பிட்டு இருக்கும்போதே வாடை குப்புன்னு வந்தா நிரப்புற ஹோஸ் மேலதான் முதல் சந்தேகம். இன்ஜின் ஓடும்போது மட்டும் வந்தா பெட்ரோலை இன்ஜினுக்குத் தள்ளுற பம்புக்கு அப்புறம் இருக்கிற பகுதி, அதாவது பம்ப்பே, கார்புரேட்டர், இல்ல இன்ஜெக்டருக்குப் போற பைப். எதுவும் பண்ணாம ராத்திரி முழுக்க சும்மா நின்ன போட்ல காலையில வாடை, டேங்க்ல எவ்ளோ இருந்தாலும் வாடைன்னா, டேங்கோட அடியில ஓட்டை இருக்கலாம், இல்லன்னா ஹோஸ் எல்லாம் கிழடாகி ரப்பர் வழியாவே ஆவி விடுதுன்னு அர்த்தம். நல்ல வெயில்ல மட்டும் வருதுன்னா கையில தூக்குற பிளாஸ்டிக் டேங்கா இருக்கும், அதைப் பத்தி தனியா சொல்றேன்.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, புதுசா வர்றவங்க குழம்புற இடம் இது. டேங்க்ல இருந்து இன்ஜின் பம்ப் வரைக்கும் இருக்கிற ஹோஸ்ல, இன்ஜின் ஓடும்போது பெட்ரோல் தள்ளப்படுறது இல்ல, உறிஞ்சப்படுது. அங்க ஒரு வெடிப்பு இருந்தா பெட்ரோல் வெளிய வராது, வெளிக்காத்து உள்ள போகும். அப்போ அறிகுறி வாடை இல்ல, இன்ஜின் திக்கித் திணறி ஓடும், பெட்ரோலை இன்ஜினுக்கு ஏத்துறதுக்காக ஹோஸ்ல இருக்கிற, கையால அமுக்குற பிரைமர் பல்ப் கெட்டியாவே ஆகாது. இன்ஜினை நிறுத்துன பிறகு அதே வெடிப்புல இருந்து மெல்ல சொட்டும். அதனால இன்ஜின் திணறலும் வாடையும் ஒண்ணா இருந்தா அது ரெண்டு பிரச்சனை இல்ல, பெரும்பாலும் ஒரே ஓட்டைதான்.

தேடுறது

வாடை சுத்தமா அடங்குன பிறகு பேட்டரி டெர்மினலைக் கழட்டுங்க, மைனஸ் முதல்ல. பக்கத்துல பெட்ரோல் தீயை அணைக்கிற பவுடர் வகை தீயணைப்பான் இருக்கட்டும், கை எட்டுற இடத்துல, ஆனா இன்ஜின் அறைக்குள்ள இல்ல. நைட்ரைல் கையுறை, டிஷ்யூ பேப்பர் ஒரு ரோல், சோப்புத் தண்ணி ஸ்பிரே, குச்சியில ஒட்டுன சின்ன முகம் பாக்குற கண்ணாடி, ஆயிலை மட்டும் உறிஞ்சி தண்ணியை விட்டுடுற வெள்ளை பேட் கொஞ்சம், இவ்ளோதான் சாமான். வெளிச்சத்துக்கு போன் டார்ச் வேணாம், வெடிக்கிற ஆவி இருக்கிற இடத்துக்குன்னே செஞ்ச டார்ச் இருந்தா அதை வெளியவே ஆன் பண்ணிட்டு உள்ள கொண்டு போங்க. இல்லன்னா பகல்ல வேலையை வெச்சுக்கிட்டு அந்தக் கண்ணாடியால வெயிலைத் திருப்பி உள்ள அடிங்க, எந்த மூலைக்கும் வெளிச்சம் போகும்.

பெட்ரோல் எந்த வழியா போகுதோ அதே வழியா நீங்களும் போங்க. மேல பெட்ரோல் ஊத்துற மூடியில ஆரம்பிச்சு, நிரப்புற ஹோஸ், டேங்க் மேல்பக்கம், காத்துப் போக்கு, சென்டர், பெட்ரோல் எடுக்கிற பைப், அடைக்கிற வால்வு, ஃபில்டர், பம்ப், இன்ஜின். நடுவுல ஒண்ணை விட்டுட்டுத் தாண்டாதீங்க.

ஒவ்வொரு ஜாயின்ட்டையும் முதல்ல நல்லா துடைச்சுக் காய விட்டு, டிஷ்யூ பேப்பரை ஒரு சுத்து சுத்தி வைங்க. கொஞ்ச நேரம் கழிச்சு ஒவ்வொரு பேப்பரா எடுத்து வெளிய கொண்டு போய் மோந்து பாருங்க. உள்ளயே மோந்தா எல்லாமே ஒரே வாடையாத்தான் தெரியும், மூக்கும் சீக்கிரம் மரத்துப் போயிடும், அதனால நடுநடுவுல வெளிக்காத்துக்கு வாங்க. பெட்ரோல் ஒழுகுன இடம் எப்பவும் ஈரமா இருக்கணும்னு இல்ல, அது காஞ்சு போயிடும், ஆனா அடையாளம் விட்டுட்டுப் போகும். சுத்தி எல்லாம் தூசி படிஞ்சிருக்கும்போது ஒரு கோடு மட்டும் கழுவி விட்ட மாதிரி சுத்தமா இருக்கும், இல்லன்னா பழுப்புக் கறையா பிசுக்குன்னு இருக்கும், பெயின்ட் மேல விழுந்திருந்தா பெயின்ட் பொங்கியிருக்கும்.

நான் ரெண்டு நாள் அலைஞ்ச ஒரு கேஸ் சொல்றேன். 19 அடி போட், இன்ஜின் உள்ள இருக்கிற வகை. நிரப்புன அன்னைக்கு மட்டும் வாடை. இதுக்கு முன்னாடி பார்த்த மெக்கானிக் ஒருத்தர் ஃபில்டரை மாத்திட்டு சரியாயிடுச்சுன்னு அனுப்பிட்டாரு. நான் நிரப்புற ஹோஸைப் பார்த்தேன், மேல இருந்து பார்க்க பளபளன்னு இருந்துச்சு, ஹோஸை இறுக்கிப் பிடிக்கிற பட்டை, அதாவது கிளாம்ப், ரெண்டும் இறுக்கமா இருந்துச்சு, சரின்னு விட்டுட்டு சென்டர் கேஸ்கெட்டை மாத்துனேன். அடுத்த தடவை நிரப்புனப்போ திரும்ப வாடை. மறுநாள் டிஷ்யூவை மடிச்சு விரல்ல சுத்தி அந்த ஹோஸ் டேங்க்ல ஏறுற இடத்துல, கண்ணுக்குத் தெரியாத அடிப்பக்கத்துல தடவுனேன், பேப்பர் பழுப்பா ஈரமா வந்துச்சு. கண்ணாடியை அடியில கொடுத்துப் பார்த்தா கிளாம்ப்போட கீழ் விளிம்பு ரப்பருக்குள்ள வெட்டி இறங்கியிருக்கு, அதுல இருந்து நகக்கண் நீளத்துக்கு ஒரு பிளவு. ஹோஸை லேசா வளைச்சா வாய் திறக்குது, விட்டா மூடிக்குது. எல்லா ஜாயின்ட்டையும் சுத்தி வந்து தொடுங்கன்னு நான் அடிச்சுச் சொல்றதுக்குக் காரணம் அதுதான், மேல்பக்கம் எப்பவும் அழகாத்தான் இருக்கும், கெடுறது அடிப்பக்கம்.

ஹோஸ் உடம்புக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு. சுத்தமான துணியை எடுத்து ஹோஸோட நீளம் முழுக்க அழுத்தித் துடைச்சுட்டு துணியை வெளிய கொண்டு போய் மோந்து பாருங்க. துணியில பெட்ரோல் வாடை அடிச்சா, வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியலன்னாலும் ரப்பர் ஊறிப் போச்சு, மாத்தியே ஆகணும். விரலால அமுக்குனா பஞ்சு மாதிரி மெத்துன்னு இருந்தாலும் தப்பு, குச்சி மாதிரி விறைப்பா இருந்தாலும் தப்பு. இப்போ நிறைய இடத்துல விக்கிற பெட்ரோல்ல 10 சதவீதம் வரைக்கும், சில இடத்துல அதுக்கு மேலயும் எத்தனால் கலந்திருக்கு, அது பழைய காலத்து ரப்பரை சீக்கிரமே கெடுத்துடும். பழைய ஃபைபர் கிளாஸ் டேங்க் இருந்தா இன்னும் மோசம், அந்த ரெசினையே கரைச்சு இன்ஜினுக்குள்ள கொண்டு போய் ஒட்டிடும்.

கார்புரேட்டர் உள்ள இன்ஜின்ல பம்ப்பைப் பார்க்கும்போது, சில மாடல்ல பம்ப்ல இருந்து கார்புரேட்டருக்கு ஒரு மெல்லிசான கண்ணாடி மாதிரி டியூப் போகும். அது சும்மா இருக்கிற டியூப் இல்ல, உள்ள இருக்கிற ரப்பர் சவ்வு கிழிஞ்சா அதைக் காட்டிக் கொடுக்கத்தான் வெச்சிருக்காங்க. அதுல பெட்ரோல் தெரிஞ்சா பம்ப் போச்சு. பின்னாடி தொங்குற அவுட்போர்டு இன்ஜின்னா மேல் உறையைக் கழட்டி மோந்து பாருங்க, பிரைமர் பல்ப்பை அமுக்கிட்டே இருந்தும் அது கெட்டியாகாம கார்புரேட்டர்ல இருந்து வழிஞ்சா, உள்ள பெட்ரோல் வரத்தை அடைக்கிற மிதவை ஊசி சிக்கியிருக்கு. ஹோஸ் இன்ஜின்ல சொருகுற கனெக்டருக்குள்ள ஒரு குட்டி ரப்பர் வளையம் இருக்கும், அது நசுங்கியோ கிழிஞ்சோ இருக்கிறது ரொம்ப சகஜம்.

பிளாஸ்டிக் டேங்க் விஷயம்

கையில தூக்குற டேங்க் வெயில்ல வெச்சா உப்பும், பார்த்திருப்பீங்க. புது மாடல் டேங்க்ல ஆவி வெளிய போகக் கூடாதுன்னு காத்துப் போக்கை 5 பிஎஸ்ஐ அழுத்தம் வரைக்கும் அடைச்சே வெச்சிருப்பாங்க. அந்த அழுத்தம் சும்மா இருக்காது, ஹோஸ் இன்ஜின்ல மாட்டியிருந்தா பெட்ரோலைத் தள்ளிக் கொண்டு போய் கார்புரேட்டரை நிறைச்சு வெளிய வழிய விடும். இதுக்கு ரிப்பேரே வேணாம், ஓட்டி முடிச்சதும் இன்ஜின் பக்கம் ஹோஸைக் கழட்டிடுங்க, டேங்க்கை நிழல்ல வைங்க. நிரப்பும்போது போட்ல வெச்சே ஊத்தாதீங்க, டேங்க்கை எடுத்துத் தரையில வெச்சு நிரப்புங்க, சிந்துனாலும் பில்ஜ்ல விழாது, நிலைமின்சாரப் பொறி ஆபத்தும் குறையும்.

சரி பண்றது

ஹோஸ் மாத்துறதுல ஆரம்பிப்போம், பெரும்பாலும் அதுதான் வேலை. வண்டிக்கடையில விக்கிற சாதா ரப்பர் ஹோஸை வாங்கி மாட்டிடாதீங்க. போட்டுக்குன்னு செஞ்ச ஹோஸ் மேல வரிசையா அச்சடிச்சிருக்கும், படிச்சுப் பாருங்க. இன்ஜினுக்குப் போற ஹோஸ்ல ஏ1-15 ன்னு இருந்தா நல்லது. ஏ ன்னா தீப்பிடிச்சாலும் ரெண்டரை நிமிஷம் தாங்கும்னு அர்த்தம், 1 ன்னா உள்ள எப்பவும் பெட்ரோல் நின்னாலும் சரின்னு அர்த்தம், 15 ங்கிறது ஒரு சதுர மீட்டர் ரப்பர் வழியா ஒரு நாளைக்கு 15 கிராமுக்கு மேல ஆவி கசியாதுன்னு அர்த்தம். வெறும் ஏ1 ஹோஸ்ல அது 100 கிராம் வரைக்கும் போகும், எவ்ளோ வித்தியாசம் பாருங்க. நிரப்புற ஹோஸ், காத்துப் போக்கு ஹோஸ்ல எப்பவும் பெட்ரோல் நிக்காதுங்கிறதால அங்க ஏ2 போதும். சில ஊர்ல ஐஎஸ்ஓ 7840 ன்னு போட்டிருக்கும், அதுவும் தீ தாங்குற வகைதான். தயாரிச்ச வருஷமும் அச்சுல இருக்கும், உங்க பழைய ஹோஸ்ல அதைத் தேடிப் பாருங்க, நிறைய பேருக்கு அங்கயே பதில் கிடைச்சிடும்.

டேங்க்ல பெட்ரோல் பாதிக்குக் கீழ இருக்கும்போது வேலையை ஆரம்பிங்க. எடுக்கணும்னா கையால அமுக்குற சைஃபன் பம்ப்பால எடுத்து தரையில வெச்ச கேன்ல விடுங்க, எலக்ட்ரிக் பம்ப் வேணாம், வாயால உறிஞ்சவும் வேணாம். பழைய ஹோஸ் ஒட்டிக்கிட்டு வரலன்னா முறுக்கி இழுக்காதீங்க, ஹோஸ் சொருகியிருக்கிற பிளாஸ்டிக் மூக்கு உடைஞ்சா டேங்க்கே போச்சு. நீளவாக்குல கத்தியால மேலோட்டமா கீறி, பட்டை உரிக்கிற மாதிரி உரிங்க, கத்தி முனை உள்ள மூக்குல கோடு போடாம பாத்துக்கோங்க, அந்தக் கோடே அடுத்த லீக் ஆயிடும். ஹேர் டிரையர், ஹீட் கன் எல்லாம் இந்த இடத்துக்கு ஆகாது, கொஞ்சம் சோப்புத் தண்ணி தடவுனா புது ஹோஸ் ஏறிடும்.

கிளாம்ப் விஷயத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க. பட்டையில ஓட்டை ஓட்டையா இருக்கிற வகை ரப்பரை வெட்டும், நான் மேல சொன்ன பிளவு அப்படி வந்ததுதான். பட்டை மழமழன்னு இருக்கிற நல்ல ஸ்டெயின்லெஸ் கிளாம்ப் வாங்குங்க, கடையிலயே ஒரு காந்தத்தை வெச்சுப் பாருங்க, பட்டையில ஒட்டாம திருகாணியில மட்டும் நச்சுன்னு ஒட்டுனா அந்தத் திருகாணி மட்டமான ரகம், உப்புக் காத்துல அதுதான் முதல்ல துருப்பிடிக்கும். நிரப்புற ஹோஸ்ல ரெண்டு முனையிலயும் ரெண்டு ரெண்டு கிளாம்ப். கிளாம்ப் ஹோஸ் நுனியில தொத்திக்கிட்டு இருக்கக் கூடாது, நுனியில இருந்து குறைஞ்சது 6 மில்லிமீட்டர் உள்ள தள்ளி, மூக்குல இருக்கிற மேட்டைத் தாண்டி உட்காரணும். ரப்பர் லேசா அமுங்குற வரைக்கும் இறுக்குனா போதும், பிதுங்குற வரைக்கும் இல்ல.

ஹோஸ் போற பாதையில தொப்பை விழக் கூடாது. நிரப்புற ஹோஸும் காத்துப் போக்கு ஹோஸும் டேங்க்கைப் பார்த்து சரிஞ்சே இருக்கணும், நடுவுல தொங்குனா பெட்ரோல் அங்க தேங்கி ரப்பரை ஊற வைக்கும், நிரப்பும்போது துப்பவும் செய்யும். மேல மூடியில இருந்து டேங்க்குக்கு ஒரு பச்சை வயர் போகும், வேலைக்காகக் கழட்டுனா மறக்காம திரும்ப மாட்டுங்க, நிலைமின்சாரத்தை இறக்கிவிடுறது அதுதான்.

சென்டர் கேஸ்கெட் மாத்துறது எளிசு. பெரும்பாலும் 5 திருகாணி, அதுல ஒரு ஓட்டை வேணும்னே கொஞ்சம் தள்ளி இருக்கும், அதனால ஒரே பக்கமாத்தான் உட்காரும், உட்காரலன்னா அடிச்சு இறக்காதீங்க, திருப்பிப் பாருங்க. பழசை முழுசா சுரண்டி எடுத்துட்டு (சுரண்டல் டேங்க் உள்ள விழாம துணியால அடைச்சுட்டு), புதுசை வெச்சு எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

ஃபில்டர் மாத்துற இடத்துல ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய ஃபில்டரோட ரப்பர் வளையம் மேலயே ஒட்டிக்கிட்டு நின்னுடும், அதைப் பார்க்காம புதுசை ஏத்துனா ரெண்டு வளையம் ஒண்ணு மேல ஒண்ணு உட்கார்ந்து அன்னைக்கே ஒழுகும். இன்ஜின் அறைக்குள்ள கண்ணாடி மாதிரி தெரியிற பிளாஸ்டிக் கிண்ணம் வெச்ச ஃபில்டர் வேணாம், அது தீ தாங்காது, அவுட்போர்டுக்கு மட்டும்தான் அது.

திருகு ஜாயின்ட்ல வெள்ளை டெஃப்லான் டேப் சுத்துறது வீட்டுக் குழாய் வேலை. இங்க அந்த நார் பிஞ்சு உள்ள போய் வால்வையோ இன்ஜெக்டரையோ அடைக்கும். பெட்ரோல் தாங்குற திரவ சீலன்ட் வாங்குங்க, முதல் ரெண்டு புரியை விட்டுட்டுத் தடவுங்க. அலுமினிய டேங்க்ல பித்தளை ஃபிட்டிங்கை நேரா மாட்டாதீங்க, ரெண்டும் சேர்ந்து ஈரத்துல அலுமினியத்தை அரிச்சிடும், நடுவுல ஸ்டெயின்லெஸ் வேணும்.

டேங்க்கே ஓட்டைன்னா கொஞ்சம் கஷ்டமான சேதிதான். அலுமினிய டேங்க் பெரும்பாலும் அடியில, நுரையோ ஈரத் துணியோ பலகையோ தண்ணியைப் பிடிச்சு வெச்சிருக்கிற இடத்துல ஊசி முனை அளவுக்கு அரிச்சு ஓட்டை ஆகும். கண்டுபிடிக்க எல்லா வழியையும் அடைச்சுட்டு சின்னக் கைப் பம்ப்பால காத்து அடிச்சு, குறைஞ்ச அழுத்தம் காட்டுற மீட்டரை வெச்சு 1 பிஎஸ்ஐ, அதிகபட்சம் 2, அதுக்கு மேல வேணாம், அழுத்தம் இறங்குதான்னு பாருங்க, சோப்புத் தண்ணி அடிச்சா குமிழி வரும். கம்ப்ரெசரை மாட்டுனா டேங்க் பலூன் மாதிரி உப்பிக் கிழிஞ்சிடும். ஓட்டை உறுதியானா எப்பாக்ஸி புட்டி வெச்சு அடைக்கிற வேலை வேணாம், அது கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் எப்போ விடும்னு யாருக்கும் தெரியாது. ஒரு இடத்துல ஓட்டைன்னா பக்கத்துலயும் அரிச்சுதான் இருக்கும், புது டேங்க் போடுங்க. காலி டேங்க்ல வெல்டிங் வெச்சா ஆவி இருக்கிறதால நிரம்பின டேங்க்கை விட ஆபத்து, அதை ஆவி நீக்கத் தெரிஞ்ச பட்டறையைத் தவிர யாரும் தொடக் கூடாது.

இன்ஜெக்டர் உள்ள இன்ஜின்ல பம்புக்கு அப்புறம் இருக்கிற பைப்பை புதுசா வர்றவங்க கழட்டாதீங்கன்னு நான் கெஞ்சிக் கேட்டுக்கிறேன், இன்ஜின் நின்ன பிறகும் உள்ள அழுத்தம் இருக்கும், கழட்டுனா மூஞ்சியிலயே பீச்சும். அதை மெக்கானிக்கிட்ட விடுங்க. அதே மாதிரி ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், பெட்ரோல் பம்ப், கார்புரேட்டர் எதுக்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு கார் பாகத்தைப் போடாதீங்க, போட் பாகத்துல பொறி வெளிய வராம அடைச்சு செஞ்சிருப்பாங்க, கார்புரேட்டர்ல வழியிற பெட்ரோல் வெளிய சிந்தாம இன்ஜினுக்குள்ளயே போற மாதிரி செஞ்சிருப்பாங்க. விலை வித்தியாசம் அதுக்குத்தான்.

முடிச்ச பிறகு

பில்ஜ்ல சிந்துனதை வெள்ளை பேட்டால ஒத்தி எடுங்க, அப்புறம் சோப்புத் தண்ணியால கழுவி அந்தத் தண்ணியையும் வாளியில பிடிங்க, பம்ப் போட்டு வெளிய தள்ளாதீங்க. வெளித்தண்ணியில வானவில் மாதிரி படலம் தெரிஞ்சா அது மேல பாத்திரம் கழுவுற சோப்பை ஊத்தாதீங்க, படலம் கலைஞ்சு கண்ணுக்குத் தெரியாம போகுமே தவிர பெட்ரோல் எங்கயும் போகாது, தண்ணிக்குள்ளதான் இறங்கும். நனைஞ்ச பேட், டிஷ்யூ, துணி எல்லாத்தையும் மூடி உள்ள உலோக டப்பாவுல போட்டு வெளிய நிழல்ல வைங்க, ஆபத்தான கழிவு வாங்குற இடத்துல கொடுங்க, குப்பைத் தொட்டியில வேணாம்.

டேங்க்கை ஒரேயடியா நிரப்பாதீங்க. முதல்ல கொஞ்சம் ஊத்தி எல்லா ஜாயின்ட்லயும் புது டிஷ்யூ சுத்தி வெச்சுப் பாருங்க, அப்புறம் பாதி, அப்புறம் முழுசு. ஒவ்வொரு தடவையும் மூடியை ஒரு மணி நேரம் சாத்தி வெச்சுட்டுத் திறந்து மோந்து பாருங்க, நீங்க காலையில இருந்து அந்த வாடையிலயே இருந்திருப்பீங்க, அதனால அதுவரைக்கும் பக்கத்துல இல்லாத ஒருத்தரைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொல்றது இன்னும் நல்லது. எல்லாம் சுத்தமா இருந்தா பேட்டரியை மாட்டி, புளோயரை 4 நிமிஷம் ஓட்டிட்டு, அது நின்னதும் இன்னொரு தடவை மோந்து பார்த்துட்டு, கட்டின இடத்துலயே மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. ஓடும்போது ஒருத்தர் ஜாயின்ட்டைப் பார்க்கணும், ஒருத்தர் சாவி பக்கத்துல நிக்கணும். நிறுத்திட்டு ராத்திரி முழுக்க மூடி வைங்க, மறுநாள் காலையில டிஷ்யூ எல்லாம் காய்ஞ்சு, வாடை இல்லாம இருந்தா போட்டை வெளிய எடுக்கலாம். அடுத்த ரெண்டு மூணு தடவை நிரப்பும்போதும் இதே மாதிரி ஒரு தடவை கையை அடிப்பக்கம் விட்டுத் தடவிப் பாருங்க, புது ஹோஸ் உட்கார்ந்த பிறகு கிளாம்ப் அரைச் சுத்து லூசாகிறது உண்டு.